சிறுவர் பாய்மரப் போட்டியின் தர்மசாஸ்திரம்

கார்த்திகை மகாதீபம் மலையுச்சியில் ஏறிய மறுநாள் தொடங்கி, சந்திரசேகரரும் பராசக்தியும் முருகப்பெருமானும் ஆளுக்கோர் இரவாகத் தெப்பலில் எழுந்தருளி அய்யங்குளத்தை வலம் வருவதைக் கண்டு வளர்ந்த திருவண்ணாமலைக்காரர்களுக்கு, நீரின்மேல் நடக்கும் உற்சவம் என்றவுடன் மனத்தில் தோன்றுவது அந்தக் காட்சிதான். அந்தத் தெப்பலுக்குப் பாய் கிடையாது. காற்று எத்திசையிலிருந்து வீசினாலும் அதன் வலத்துக்கு மாற்றம் நேர்வதில்லை. கடலைப் பார்க்கவேண்டுமானால் நூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போகவேண்டிய இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, சிறுவரும் சிறுமியரும் பாய்மரப் படகில் பந்தயம் ஓடுவதற்குரிய விதிகளைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. குழந்தைகளை எந்த விஷயத்தில் முழுமையாக நம்பலாம், எந்த விஷயத்தில் அவர்களை நம்பிவிட்டுப் பெரியவர்கள் சும்மா இருந்துவிடக் கூடாது என்னும் இரண்டு கேள்விகளுக்கும் இவ்வளவு தெளிவாக விடை சொல்லும் சட்டப் புத்தகம் வேறொன்றை நான் அறியேன்.

தமிழ்நாட்டுக்கு இந்த விளையாட்டு புதியதன்று. சென்னைத் துறைமுகத்தில் 1911-ஆம் ஆண்டிலேயே பாய்மரப் படகுச் சங்கம் ஒன்று தோன்றிவிட்டது. அதைத் தோற்றுவித்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்தான், மறு ஆண்டு ராமானுஜன் என்னும் கும்பகோணத்து இளைஞர் குமாஸ்தாவாகச் சேர்ந்த துறைமுகக் கழகத்துக்கு அப்போது தலைவராக இருந்தவர். அந்தச் சங்கமே பிற்பாடு ராயல் மெட்ராஸ் யாட் கிளப் ஆயிற்று. அதே துறைமுக நீரில் பிள்ளைகளைப் பழக்கிவரும் தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கத்தின் கோடைக்கால முகாமொன்றில் பன்னிரண்டு வயதில் படகேறிய நேத்ரா குமணன், டோக்கியோ ஒலிம்பிக்கில் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்ணானார். அவருடன் அங்கே சென்ற விஷ்ணு சரவணன், நம்முடைய பழைய வடஆற்காடு ஜில்லாவின் தலைநகராகிய வேலூரில் பிறந்தவர். பாலாற்றில் தண்ணீர் ஓடும் நாளே அபூர்வமாகிவிட்ட ஊரில் பிறந்த ஒருவர், 2023-இல் ஹாங்சோ நகரத்து ஆசிய விளையாட்டில் பாய்மரத்தில் வெண்கலம் வென்றிருக்கிறார் என்பதைக் கடலில்லாத ஜில்லாக்காரர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

இளஞ்சிறுவர்களின் படகுக்கு ஆப்டிமிஸ்ட் என்று பெயர். 1947-இல் அமெரிக்காவின் புளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்னும் படகு கட்டுபவர், சாதாரண ஒட்டுப்பலகையைக் கொண்டு ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளும் வாங்கக்கூடிய விலையில் ஆகவேண்டும் என்னும் நோக்கத்தோடு வகுத்த வடிவம் அது. நீளம் 2.3 மீட்டரைச் சற்றே கடக்கும். கட்டுமரத்தில் பாதிகூட இராது. வெறும் படகின் எடை 35 கிலோ. ஒரு பாய், ஒரு சுக்கான், ஒரு குழந்தை, அவ்வளவுதான். பதினைந்து வயதாகும் ஆண்டின் இறுதிவரை அதில் ஓடலாம். உள்ளே காற்றடைத்த பைகள் மூன்று இருப்பதால் கவிழ்ந்தாலும் அமிழ்வதில்லை. படகினுள் இருக்கவேண்டிய சாமான்களையும் விதியே சொல்லிவிடுகிறது: குறைந்தது ஒரு லிட்டர் கொள்ளும் நீரிறைக்கும் பாத்திரம், கட்டி இழுப்பதற்கு எட்டு மீட்டருக்குக் குறையாத மிதக்கும் கயிறு, குழந்தை அணிந்திருக்கும் உயிர்காப்பு அங்கியோடு சேர்த்துக் கட்டிய ஒரு விசில். விசில் எங்கேயோ ஒரு மூலையில் கிடந்தால் போதாது, அது அங்கியோடு பிணைந்திருக்கவேண்டும் என்று எழுதியவர், தண்ணீரில் விழுந்த பிள்ளையின் கை எதைத் தேடும் என்பதை ஒரு கணம் கண்ணை மூடி நினைத்துப் பார்த்துத்தான் எழுதியிருக்கவேண்டும்.

போட்டி நாளின் முதற்காரியம் கரையிலேயே நடக்கிறது. எண் பொறித்த வில்லைகள் ஒரு பலகையில் தொங்குகின்றன. நீரில் இறங்கப்போகும் ஒவ்வொரு பிள்ளையும் தன் எண்ணுள்ள வில்லையைத் தானே எடுத்து அணிந்துகொள்கிறது, திரும்பி வந்ததும் தானே அதைப் பலகையில் மாட்டுகிறது. வில்லைக்குப் பதிலாகக் கையெழுத்திடும் முறையும் உண்டு. பார்வைக்கு அற்பமான காரியம். ஆனால் மாலையில் பலகையில் ஓர் ஆணி காலியாக இருந்தால் மீட்புப் படகுகள் கரையேறக் கூடாது. பரிசளிப்பு நிற்கவேண்டும், விருந்து நிற்கவேண்டும், அந்தக் குழந்தை எங்கே என்று தெரியும்வரை ஒருவரும் வீடு திரும்பக் கூடாது. கையெழுத்திட மறந்த பிள்ளைக்குத் தண்டனைப் புள்ளி உண்டு என்று பல போட்டிகளின் கட்டளைகளில் எழுதியிருப்பதைச் சிலர் கடுமை என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தண்ணீரில் இறங்கியவர் எத்தனை பேர், ஏறியவர் எத்தனை பேர் என்பது நிர்வாகத்தின் முதற்கடமை. மற்றெல்லா விதிகளும் அதற்குப் பின்னால்தான் வருகின்றன.

ஆயினும், ஓடுவதா வேண்டாமா என்னும் தீர்மானம் படகுக்கு உரியது. அந்தப் பொறுப்பு அதைத் தவிர வேறு யாருக்கும் இல்லை என்று உலகப் பாய்மர அமைப்பு நான்காண்டுக்கு ஒருமுறை திருத்தி வெளியிடும் விதிப்புத்தகம் ஆரம்பப் பக்கங்களிலேயே கூறிவிடுகிறது. காற்று மிகுந்தால் போட்டியைத் தள்ளிவைக்கவும் நிறுத்தவும் அதை நடத்தும் குழுவுக்கு அதிகாரம் உண்டு. அதைத் தயங்காமல் பயன்படுத்துவதே நல்ல குழுவின் லக்ஷணம். ஆனால் குழு நடத்தத் தீர்மானித்த காற்றிலும், இது என் பலத்துக்கு மிஞ்சியது என்று சொல்லிக் கரையில் நின்றுவிட ஒரு பத்து வயதுச் சிறுமிக்கு உரிமை இருக்கிறது. அவளைக் கோழை என்று சொல்ல எந்தப் பயிற்சியாளருக்கும் எந்தத் தகப்பனாருக்கும் அந்தப் புத்தகம் இடம் கொடுக்கவில்லை.

பந்தயம் தொடங்கும் முறை அழகானது. நிலத்தில் ஓடுவோரைப்போல் படகுகள் கோட்டில் அசையாமல் நிற்க முடியாது. காற்று இருக்கும்வரை அவை ஊர்ந்துகொண்டே இருக்கும். ஆகையால் கோட்டுக்குப் பின்னால் சுற்றிச்சுற்றி அலைந்து, குறித்த கணத்தில் கோட்டின் வாயிலில் வேகத்தோடு வந்து சேரவேண்டும். அதற்காக ஐந்து நிமிஷம் முன்பு வகுப்புக்கொடி ஏறுகிறது. நான்கு நிமிஷம் இருக்கையில் ஆயத்தக்கொடி ஏறுகிறது. ஒரு நிமிஷம் இருக்கையில் நீண்ட ஊதலோடு அது இறங்குகிறது. வகுப்புக்கொடி இறங்கும் கணமே புறப்பாடு. ஒவ்வொரு கொடிக்கும் ஓர் ஓசை துணையாக வருகிறது. ஆனால் காலத்துக்குப் பிரமாணம் கொடிதான். ஓசை எழும்பாமற்போனாலும் அதைப் பொருட்படுத்தக் கூடாது என்பது விதி. சிந்தித்துப் பார்த்தால் இதன் நியாயம் விளங்கும். 40 ஆப்டிமிஸ்ட் படகுகளுக்குப் புறப்பாட்டுக் கோடு ஏறக்குறைய 140 மீட்டர் வேண்டும். ஒரு முனையில் நங்கூரமிட்ட குழுப்படகிலிருந்து எழும் ஓசை மறுமுனையை அடைவதற்கு ஏறக்குறைய அரை வினாடி பிடிக்கும். காற்றோ எதிர்த்து வீசலாம். கொடி இறங்குவதை எல்லாக் கண்களும் ஒரே கணத்தில் காண்கின்றன. தூரத்தில் இருக்கும் பிள்ளைக்கு அரை வினாடிகூட நஷ்டம் வரக் கூடாது என்னும் கருணை அந்த வறண்ட வாக்கியத்துக்குள் இருக்கிறது.

முந்திப் புறப்பட்டவர்களைத் திருப்பி அழைக்க நீலச் சிலுவை போட்ட வெள்ளைக்கொடி. பலர் முந்திவிட்டு இன்னார் என்று பிரித்தறிய முடியாவிட்டால் நீலமும் மஞ்சளும் கலந்த முக்கோணக்கொடி ஏற்றி எல்லோரையும் மறுபடி புறப்படச் செய்கிறார்கள். மற்றக் கொடிகளின் விவரம் இங்கே வேண்டாம்.

வழிவிடும் விதிகளில் மூலமானவை மூன்றே. வலப்பக்கத்திலிருந்து காற்று வாங்கி ஓடும் படகுக்கு, இடப்பக்கத்திலிருந்து காற்று வாங்கும் படகு ஒதுங்கவேண்டும். ஒரே பக்கத்துக் காற்றில் பக்கம் பக்கமாக ஓடும் இரண்டில், காற்று முதலில் படும் படகு மற்றதற்கு ஒதுங்கவேண்டும். பின்னால் வருவது முன்னால் போவதற்கு ஒதுங்கவேண்டும். எட்டு வயதுப் பிள்ளையும் ஒரு மாலையில் கற்றுக்கொள்ளக்கூடிய இவற்றுள் இரண்டாவது என்னை வெகுவாகக் கவர்ந்தது. காற்றின் மேல்பக்கத்தில் இருப்பவன் தன் பாயினால் கீழ்பக்கத்தவனுடைய காற்றை மறைக்கிறான். ஏற்கெனவே அவனுக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. அனுகூலம் உள்ளவனே விலகவேண்டும் என்று விதி சொல்கிறது. அதோடு, வழிக்கு உரிமையுள்ள படகும் மோதலைத் தவிர்க்க இயன்றவரை முயலவேண்டும் என்று இன்னொரு விதி அதன்மேல் வருகிறது. உரிமை இருக்கிறதென்று இடித்துவிட்டு நியாயம் பேச முடியாது. நம் தேரடி வீதியில் வண்டி ஓட்டுகிறவர்கள் இவ்விரண்டு விதிகளையும் ஒருமுறை வாசித்தால் ஊருக்கு க்ஷேமம்.

இனி நான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பந்தயத்தில் பொதுவாக, விசில் ஊதி நிறுத்துகிற நடுவர் ஒவ்வொரு படகுக்கும் பக்கத்தில் நிற்பதில்லை. நிற்கவும் முடியாது, ஓட்டப்பாதையைக் குறிக்கும் ஒரு மிதவையைச் சுற்றி நாற்பது படகுகள் நெருக்கும்போது யார் யாரை உரசினார் என்பதைக் குழுப்படகிலிருந்து காண இயலாது. ஆகவே, விதிகளைப் பின்பற்றுவதும் அவற்றை நிலைநாட்டுவதும் போட்டியாளரின் கையிலேயே விடப்பட்டிருக்கின்றன. தவறு செய்துவிட்டதாக உணர்ந்த பிள்ளை, பிறர் சொல்வதற்குக் காத்திராமல், உடனே கூட்டத்திலிருந்து விலகிப்போய், தன் படகை ஒரே திசையில் இரண்டு முழுச்சுற்றுச் சுற்றவேண்டும். மிதவையைத் தொட்டுவிட்டால் ஒரு சுற்று. தவறினால் பெரிய லாபம் அடைந்திருந்தாலோ, பிறருக்குக் காயமோ கடுஞ்சேதமோ விளைவித்திருந்தாலோ சுற்றி முடிப்பதோடு தீராது, பந்தயத்தைவிட்டே விலகிக்கொள்ளவேண்டும். பாவத்தின் அளவுக்கேற்பப் பிராயச்சித்தம் வகுத்த நம்முடைய ஸ்மிருதிக்காரர்கள் இதைக் கண்டால் தம் குலத்தைச் சேர்ந்தது என்று ஒப்புக்கொண்டிருப்பார்கள்.

மலையைப் பதினான்கு கிலோமீட்டர் சுற்றி வந்து மனத்தின் பாரத்தை இறக்கிவைக்கும் ஜனங்களின் ஊரில் இருக்கிறவனுக்கு, தன் தவறுக்காகத் தன்னையே சுற்றிக்கொள்ளும் அந்தச் சின்னப் படகு அந்நியமாகத் தோன்றுவதில்லை. ஆனால் கிரிவலத்தில் நஷ்டம் ஒன்றுமில்லை. படகின் சுற்றிலோ நஷ்டம் கண்ணுக்கெதிரே நடக்கிறது. அது இருமுறை சுற்றி முடிப்பதற்குள் பத்துப் படகுகள் கடந்து போய்விடும். யாரும் பார்க்கவில்லை என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியும். தொட்டது ஒரு கணம், தொடப்பட்ட மிதவைக்கு வாயில்லை. அந்நிலையிலும் சுக்கானைத் திருப்பும் கைக்குள் ஒரு சம்ஸ்காரம் உருவாகிவிடுகிறது. நீதிபோதனை வகுப்பில் ஓராண்டு உட்கார்ந்தாலும் அது உருவாகும் என்று எனக்கு நம்பிக்கையில்லை. ஏனென்றால் வகுப்பில் சத்தியத்துக்கு விலை கேட்பதில்லை.

தவறிழைத்தவன் சுற்றாமற்போனால்? பாதிக்கப்பட்ட பிள்ளை அப்போதே உரக்கக் கூவித் தன் ஆட்சேபத்தை அறிவிக்கவேண்டும். கரைக்கு வந்து, குறித்த நேரத்துக்குள் எழுதிக் கொடுக்கவேண்டும். பிறகு ஒரு மேஜையைச் சுற்றி விசாரணை நடக்கிறது. மேஜைமேல் விரற்கடை அளவுப் பொம்மைப் படகுகள். காற்று எங்கிருந்து வந்தது என்பதற்கு ஓர் அம்புக்குறி. சம்பவம் நடந்தபோது படகில் இருந்தவரே அதன் சார்பில் பேசவேண்டும் என்பது பொதுவிதி ஆகையால், கரையில் நின்ற தகப்பனார் வக்கீலாக வந்து உட்கார முடியாது. வாதியும் பிரதிவாதியும் கூடவே இருந்து ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்கலாம், குறுக்கே வினவலாம், சாட்சி அழைக்கலாம். விசாரிப்பவரில் ஒருவருக்கு இந்த விவகாரத்தில் சொந்த அக்கறை உண்டென்று தோன்றினால் அவர் இருக்கக் கூடாது என்று சொல்லவும் உரிமை உண்டு. பன்னிரண்டு வயதுக் குழந்தைக்கு இயற்கை நீதியின் அங்கங்கள் அத்தனையும் ஒரு மேஜைமீது விளையாட்டாகக் கிடைத்துவிடுகின்றன. பெரியவர்களாகிய நம்மில் எத்தனை பேருக்கு, வீட்டிலோ அலுவலகத்திலோ, குற்றம் சாட்டப்பட்டபோது அவ்வளவு பொறுமையாக ஒருவர் காது கொடுத்திருக்கிறார்?

பரிகாரம் என்று இன்னொன்று உண்டு. ஆபத்திலிருக்கும் எவருக்கும் இயன்ற உதவியைச் செய்யவேண்டும் என்பதே அந்தப் புத்தகத்தின் முதல் விதி; வழிவிடுவதும் புறப்படுவதும் வெல்லுவதும் எல்லாம் அதற்கடுத்தவை. உதவப்போனதால் ஒரு படகு பந்தயத்தில் பின்தங்கினால், அந்த நஷ்டத்தை ஈடுசெய்து தகுந்த இடத்தை அதற்கு அளிக்க விசாரணைக் குழுவுக்கு அதிகாரம் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் தேதி, சியோல் ஒலிம்பிக்கின் பாய்மரப் போட்டிகள் பூசான் நகரத்துக் கடலில் நடந்துகொண்டிருக்கையில், கானடா நாட்டு லாரன்ஸ் லெமியூ தம் பந்தயத்தில் இரண்டாம் இடத்தில் ஓடிக்கொண்டிருந்தார். காற்று பலத்து அலை எழும்பியிருந்த நேரம். பக்கத்தில் வேறொரு வகுப்பில் ஓடிய சிங்கப்பூர் படகொன்று கவிழ்ந்து இருவர் நீரில் தத்தளிப்பதைக் கண்டதும், பதக்கத்தைக் கைவிட்டுத் திரும்பி, அவர்களைத் தம் படகில் ஏற்றிக்கொண்டு மீட்புப் படகு வரும்வரை காத்திருந்தார். பிறகு ஓட்டத்தைத் தொடர்ந்து இருபத்திரண்டாவதாக வந்தார். நடுவர் குழு அவருக்கு அந்த ஓட்டத்தில் இரண்டாம் இடத்தை அளித்தது. மொத்தத் தொடரில் பதினோராவது இடமே கிடைத்தது என்றாலும், நவீன ஒலிம்பிக்கைத் தொடங்கிய கூபர்தேன் பெயரால் அமைந்த பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. அவருடைய பெருமையை உலகம் பலவாறு பேசியிருக்கிறது. அந்தக் கணத்தில் அவர் செய்ததை முன்கூட்டியே எதிர்பார்த்து, செய்தவன் நஷ்டப்படாதபடி ஒரு வரி எழுதிவைத்திருந்த புத்தகத்தின் பெருமையும் பேசத்தக்கதே.

புள்ளிக் கணக்கில் குறைந்தவனே பெரியவன்: முதலாவது வந்தால் ஒன்று, இரண்டாவதுக்கு இரண்டு, இப்படியே. பல ஓட்டங்களின் புள்ளிகளைக் கூட்டும்போது, ஒவ்வொருவரும் தம் மிக மோசமான ஓட்டம் ஒன்றைத் தள்ளிவிடலாம் என்பது பொது வழக்கம். காற்று திடீரென்று செத்துப்போன ஓட்டம், கவிழ்ந்த ஓட்டம், புறப்பாட்டில் அவசரப்பட்ட ஓட்டம், எதுவானாலும் மறதிக்குப் போய்விடும். ஆனால் ஒன்று. நேர்மைக்கு மாறாக நடந்ததாக ஐயமறத் தெளிவானால், தள்ள முடியாத தகுதிநீக்கத்தை விதிக்கப் புத்தகம் இடம் தருகிறது. அது கடைசிவரை அந்தப் பெயரோடு நிற்கும். துரதிர்ஷ்டத்தையும் அறியாமையையும் மன்னிக்கலாம், வஞ்சகத்தை மன்னிப்பதற்கில்லை என்று பிரித்துக் காட்டிய இந்த ஏற்பாட்டை நான் எத்தனை முறை எண்ணிப் பார்த்தாலும் சரியென்றே மனம் சொல்கிறது.

பெரியவர்களுக்கும் சட்டம் இருக்கிறது. ஓட்டம் தொடங்கியபின் வெளியார் உதவி ஆகாது. பயிற்சியாளர்களும் பெற்றோரும் ஏறிய படகுகள் ஓட்டப் பகுதிக்கு வெளியே விலகி நிற்கவேண்டும் என்று ஒவ்வொரு போட்டியின் கட்டளைகளும் வற்புறுத்துகின்றன. பிள்ளை தவறான பக்கம் திரும்பினாலும் கூப்பிட்டுச் சொல்லக் கூடாது. ஆனால் அதே பெரியவர்களின் படகு, மீட்பதற்கு என்று அழைப்பு வந்த கணமே, எந்தப் பிள்ளையானாலும் தன் பிள்ளைபோல் பாவித்து விரையவேண்டும். உயிரைப் பெரியவர்கள் காக்கிறார்கள். மானத்தைக் குழந்தை தானே காத்துக்கொள்கிறது.

நம்முடைய வழக்கத்தைப் பார்க்கும்போது இந்தப் பங்கீடு தலைகீழாகக் கிடப்பது தெரிகிறது. பொதுத்தேர்வு அறைக்குள் பிள்ளைகளின் நேர்மையைக் காவல் காக்கப் பறக்கும் படைகளை அனுப்புகிறோம், சட்டைப்பையைத் துழாவுகிறோம். அதே பிள்ளைகள் விடுமுறையில் ஏரிக்கும் கிணற்றுக்கும் குவாரிக் குட்டைக்கும் குளிக்கப் போகும்போது, போனவர் எத்தனை, திரும்பியவர் எத்தனை என்று எண்ணுவதற்கு ஒருவரும் இல்லை. ஒவ்வொரு கோடையிலும் பத்திரிகைகளின் ஜில்லாப் பக்கங்களில் அதன் பலனை வாசிக்கிறோம்.

இப்படிச் சொல்வதனால் நாளைக்கே திருவண்ணாமலையில் பாய்மரப் போட்டி வைக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயமன்று. தென்பெண்ணையின் குறுக்கே 1958-இல் எழும்பிய சாத்தனூர் அணையின் 119 அடி நீர்த்தேக்கம் விஸ்தாரமானதுதான். அங்கே முதலைகள் உண்டு, குழந்தைகளை இறக்குவது தகாது. சமுத்திரம் ஏரி ஐப்பசி கார்த்திகை மழையை நம்பியிருப்பது. ஆனால் உள்நாட்டு நீரிலும் இந்த வித்தை வளரும் என்பதற்குப் போபால் பெரிய ஏரியும் ஹைதராபாத் ஹுசைன் சாகரும் சாட்சி. போபாலில் பயின்ற நேஹா தாக்கூர் என்னும் பதினேழு வயதுப் பெண் ஹாங்சோவில் வெள்ளி வென்றாள். சென்னை நமக்கு ஏறக்குறைய 190 கிலோமீட்டர். கோடை விடுமுறையில் நம் ஜில்லாவின் அரசுப் பள்ளிகளிலிருந்து சில பிள்ளைகளையேனும் முதலில் நீச்சல் கற்பித்து, பிறகு துறைமுகத்து முகாம்களுக்கு அனுப்பிவைக்க விளையாட்டுத் துறையும் கல்வித் துறையும் சேர்ந்து வழி செய்யலாம். அந்த விதிப்புத்தகத்தின் ஆரம்பப் பக்கங்களை எளிய தமிழில் எழுதி அவர்கள் கையில் கொடுக்கத் தமிழாசிரியர்கள் முன்வரலாம்.

அதற்கெல்லாம் காலம் ஆகும். அதுவரையில், பிள்ளைகளைச் சாத்தனூருக்கோ வேறெந்த நீர்நிலைக்கோ உல்லாசப் பயணம் அழைத்துச் செல்லும் ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம்: ஒரு பலகையும் எண் எழுதிய அட்டைகளும் உடன் எடுத்துச் செல்லுங்கள், கடைசி அட்டை பலகைக்குத் திரும்பும்வரை பஸ்ஸைக் கிளப்பச் சொல்லாதீர்கள்.